நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு ஒரு நாய்

கூடத்துத் தரையில் மல்லாந்து விழுந்து, கைகாலை உதறி, "ஐயோ, மூச்சு முட்டுதே" என்று சைரன் மூன்றாவது தடவையாக அரற்றியபோது, பஞ்சு அவர் மார்பின் மேல் பாதி ஏறியிருந்தது. மீதிப் பாதியும் ஏறிப் படுத்துவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் போன் அடித்தது.

பஞ்சு இறங்கியது. உடம்பை ஒரு உதறு உதறிக்கொண்டு, மூக்கால் கதவைத் தள்ளித் திறந்து, சமையலறைக்குள் போய்விட்டது.

"நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன். அது பாட்டுக்குப் போகுது பாரு," என்றார் சைரன், கிடந்தபடியே.

"எந்திரிங்க. தரை ஜில்லுனு இருக்கு, இடுப்பு பிடிச்சுக்கும்," என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது.

"மொதல்ல அந்தப் போனை எடு."

"கை வேலையா இருக்கேன்."

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. சைரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் எட்டிப் பார்த்தார். மனைவி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சு தன் பெரிய தலையை அவள் மடியில் வைத்து முழுப் பாரத்தையும் இறக்கியிருந்தது. அவள் இரண்டு கைகளும் அதன் கழுத்து முடிக்குள் இருந்தன. இதுதான் கைவேலை.

"பிஸ்கட் குடுத்தியா?"

"இல்லங்க."

"குடுக்காமலா அது ஓடி வருது? லாப்ரடார் ஜாதிக்கு மூளையே வயித்துலதான் இருக்கு. எனக்குத் தெரியாதா?"

சைரன் என்பது அவருக்கு வேலையிடத்தில் வைத்த பெயர். முப்பத்தொரு வருடம் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். வண்டியின் சைரன் ஒருமுறை பழுதானபோது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவர் போட்ட கூச்சலிலேயே சாலை காலியானதாகச் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை. ஓய்வு பெற்றபின் அந்தக் குரலுக்கு வீட்டில் வேலை இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பால்காரரிடம் போக்குவரத்து விதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மனைவி ஒரு நாள் படிவம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

ஊருக்கு வெளியே ஒரு நாய்ப் பயிற்சி நிலையம் இருந்தது. போரில் இருந்து திரும்பிய ராணுவத்தினர், தீயணைப்புக்காரர்கள், ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர்கள் என்று, கண்டதையும் கேட்டதையும் மறக்க முடியாமல் உடம்பு இங்கேயும் மனசு பழைய இடத்திலேயுமாக வாழ்கிறவர்களுக்குத் துணையாக அங்கே லாப்ரடார்களைப் பழக்குவார்கள். குட்டியாக இருக்கும்போதே ஒரு வீட்டில் கொடுத்து, ஒன்றரை வருடம் வளர்க்கச் சொல்லி, வாரம் ஒருமுறை நிலையத்துக்கு அழைத்து வரச் சொல்வார்கள்.

"உங்களுக்கும் பொழுது போகும். ஒருத்தருக்கு உபகாரமாவும் இருக்கும்," என்றாள் மனைவி. படிவங்களை அவளே நிரப்பியிருந்தாள். அவர் கையெழுத்துதான் பாக்கி.

"இன்னொரு படிவத்துல எதுக்குக் கையெழுத்து?"

"வீட்டுக்காரர் சம்மதம்னு ஒண்ணு கேக்கறாங்க."

"நான்தானே வீட்டுக்காரன். எனக்கு நானே சம்மதம் குடுக்கணுமா?"

"ஆபீஸ்னா அப்படித்தாங்க. போடுங்க."

போட்டார். எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. எரிகிற வீட்டின் முன்னால் நின்று யாரும் படிவம் படிப்பதில்லை என்பார்.

அப்படி வந்ததுதான் பஞ்சு. வெண்ணிற உடம்பு, எப்போதும் ஏதோ மன்னிப்புக் கேட்பது போன்ற முகம். நாலே மாதத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. "மடி" என்றால் தலையைக் கொண்டுவந்து மடியில் வைக்கும். "போர்வை" என்றால் ஆள் மேல் குறுக்கே படுத்து, நடுக்கம் நிற்கிறவரை அசையாது. "பின்னால்" என்றால் முதுகுக்குப் பின்னே போய் நின்று யாரையும் நெருங்கவிடாது. பிறகு, சொல்லாமலேயே ஆளின் மூச்சையும் வியர்வையையும் கவனித்துத் தானாக வரவும் பழகியது.

ஒரே குறை, போன். எங்கே போன் அடித்தாலும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடியது. முதல் தேர்வில் யாருடைய பையிலோ போன் அடிக்க, பஞ்சு வாசலுக்குப் போய்க் கதவைப் பிராண்டியது. இரண்டாவது தேர்வில் கதவைத் திறந்துகொண்டு போய், வீட்டுக்குச் செல்லும் சாலையில் பாதி தூரம் கடந்துவிட்டது. இன்னும் ஒரு வாய்ப்புதான். மூன்றாவதிலும் தோற்றால் வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள். யாராவது வந்து சும்மா வளர்க்க வாங்கிப் போவார்கள்.

சைரனுக்கு அதைவிடப் பெரிய கவலை, நாற்பத்தொன்றாம் எண்.

பஞ்சு யாருக்குப் போகப்போகிறது என்பதை வளர்க்கிறவருக்குச் சொல்லமாட்டார்கள். ஒரு எண்தான். எண்ணுக்கு உரியவர் யாரென்பது நிலையத்தின் பதிவறைக்காரர் ஒருவருக்கே தெரியும். பயிற்சி தரும் மேடத்துக்குக்கூடத் தெரியாது. பதிவறைக்காரர் விரலில் எப்போதும் பசை ஒட்டியிருக்கும், வாயிலும் ஒட்டியிருக்குமோ என்று சைரனுக்குச் சந்தேகம்.

"ஆள் உயரமா, குட்டையா? அதை மட்டும் சொல்லுங்க சார். கயிறு நீளம் பார்க்கணும்," என்று ஒருமுறை நயமாகக் கேட்டுப் பார்த்தார்.

பதிவறைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க தோள் உயரம் வருவாங்க."

"காத்திருக்க ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"ஒன்றரை வருஷம். இதுக்கு மேல கேக்காதீங்க."

அன்றிலிருந்து சைரனின் மனதில் நாற்பத்தொன்று ஒரு குட்டையான ராணுவ வீரர் ஆகிவிட்டார். விறைப்பான மீசை, பேசாத சுபாவம். "நம்ம ஆளு இப்ப என்ன பண்ணிக்கிட்டிருப்பாரோ" என்று சாப்பிடும்போது கேட்பார். "சாப்பிட்டுக்கிட்டிருப்பாங்க," என்பாள் மனைவி.

பெயர் போடாமல் கடிதம் எழுதலாம், பதிவறை வழியாகச் சேர்ப்பார்கள். சைரன் எழுதினார். எழுத்துப் பிழை பார்ப்பதற்காக மனைவியிடம் உரக்கப் படித்துக் காட்டினார்.

"'அன்புள்ள நாற்பத்தொன்று அவர்களுக்கு. பஞ்சு நல்ல பிள்ளை. உங்களைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் யாராவது, இதெல்லாம் ஒரு விஷயமா, இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவர்களுக்குத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும்.' எப்படி இருக்கு?"

மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க," என்றாள்.

படித்தார்.

"பிழை ஒண்ணும் இல்ல. அப்படியே அனுப்புங்க."

மனைவியும் ஒருகாலத்தில் அதே துறைதான். அவசர உதவிக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் கட்டுப்பாட்டு அறையில் இருபத்திரண்டு வருடம் இருந்தாள். சைரன் அதை வைத்து அவளைச் சீண்டாத நாள் இல்லை. "நான் நெருப்புல நின்னேன். இவ ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து ஹலோ சொன்னா. ரெண்டு பேருக்கும் ஒரே பென்ஷன்," என்று உறவினர்களிடம் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். ஒருமுறை மட்டும், "நீங்க நேர்ல போய் என்னாச்சுன்னு பார்த்துட்டு வந்துடுவீங்க. எனக்கு லைன் கட் ஆகறதோட சரி. அப்புறம் என்னாச்சுன்னு யாரும் சொல்லமாட்டாங்க," என்றாள். "அதான் நிம்மதி" என்று சைரன் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சைரன் களத்தில் இறங்கினார்.

முதல் வேலையாக பிஸ்கட் டப்பாவைப் பரண்மேல் ஏற்றினார். சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். போன் அடித்தது. கதவைத் திறக்கப் பஞ்சுவுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கைப்பிடியில் கட்டியிருந்த துணியைக் கவ்வி இழுத்தது. தாழ், சட்டம், சுவரின் ஒரு கை சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து வந்தன. அதையெல்லாம் தாண்டிப் போய் முக்காலியில் இருந்தவள் மடியில் தலையை வைத்தது.

"பழக்கம் விட்டுப் போகணும்னா பழக்கணும்," என்று அடுத்த நாள் அறிவித்தார் சைரன். வீட்டு போனில் இருந்த மெல்லிய இசையை எடுத்துவிட்டு, பழைய காலத்து மணிச் சத்தத்தை முழு அளவில் வைத்தார். தன் கைபேசியிலிருந்து நாளுக்கு இருபது தடவை அதற்கு அடித்தார். தீயணைப்பு நிலையத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இப்படித்தான் மணிச் சத்தம் பழக்குவார்கள்.

"இது கொஞ்சம் ஓவரா இல்லையாங்க?" என்றாள் மனைவி இரண்டாம் நாள்.

"நம்ம ஆளுக்காகத்தானே. பொறுத்துக்கோ."

"சரி. நாற்பத்தொண்ணுக்காக."

நான்காம் நாள் பஞ்சு சமையலறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டது. சாப்பாட்டுத் தட்டைக் கூடத்தில் வைத்தால் வாசலிலிருந்து ஏக்கமாகப் பார்த்துவிட்டு, மறுபடி முக்காலிக்கு அருகே போய்ப் படுத்துக்கொண்டது. லாப்ரடார் சாப்பாட்டை வேண்டாம் என்று சொன்னது சரித்திரத்திலேயே இல்லை. இதற்கிடையில் மனைவிக்கும் என்னவோ ஆனது. பாலைப் பொங்கவிட்டாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். வீட்டு போனைக் காணோம் என்று சைரன் வீடு முழுக்கத் தேடி, கடைசியில் குளிர்சாதனப் பெட்டியில் காய்கறிகளுக்கு அடியில் கண்டெடுத்தார். அது ஒரு துண்டால் சுற்றப்பட்டிருந்தது.

"போனைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ்ல வைக்கற அளவுக்கா மறதி?"

"வயசாகுதில்ல."

சைரனுக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. அன்று பாத்திரங்களை அவரே கழுவினார். கழுவி முடித்து அடுப்பின் குமிழை மூன்று தடவை சரிபார்த்தார். அது அவருக்கு எப்போதும் உள்ள வழக்கம். எந்த மண்டபத்துக்குப் போனாலும் வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்.

அந்த வாரம் நிலையத்துக்குப் போனபோது மேடம் அவருடைய குறிப்பு நோட்டைப் படித்தார். மேடம் காவல்துறை நாய்ப் படையில் இருந்தவர், நாய்களிடம் மென்மையாகவும் மனிதர்களிடம் கறாராகவும் பேசுவார்.

"போன் அடிக்கும்போது வீட்டுல யார் எங்க இருந்தீங்கன்னு எழுதவே இல்லையே."

"அது எதுக்கு மேடம்? ஓடினது நாய்."

"நீங்க நல்லாத் தூங்கறீங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்," என்றார் சைரன், சற்று அதிகமான குரலில். கூண்டுகளில் இருந்த ஏழு நாய்களும் எழுந்து நின்றன.

வீட்டுக்கு வந்தவர் அடுப்பின் குமிழை மூன்று தடவை சரிபார்த்தார். பிறகு கேட்டார். "ஏம்மா, என்னையே நாற்பத்தொண்ணுன்னு முடிவு பண்ணி, சொல்லாம இந்த நாயைத் தலையில கட்டியிருப்பாங்களோ?"

மனைவி அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "சேச்சே. நீங்க உங்க தோள் உயரமா?"

அந்த விடையில் சமாதானமாகி, அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். பஞ்சு போவது போனுக்காக இல்லை, மனைவியின் வாசனைக்காக என்பது அவருடைய புதிய கண்டுபிடிப்பு. வாசனையை இடம் மாற்றிவிட்டால் தீர்ந்தது. தையல் நூல் வாங்கிவரச் சொல்லி மனைவியைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார். அவளுடைய ரோஸ் நிறக் கம்பளிச் சட்டையைத் தோள் தெறிக்கத் தெறிக்கப் போட்டுக்கொண்டார். தலையைச் சுற்றி அவளுடைய சால்வை. சமையலறைத் தரையில் படுத்து, கைபேசியால் வீட்டு போனுக்கு அடித்துவிட்டு, முனகத் தொடங்கினார்.

பஞ்சு வந்தது. கம்பளியை முகர்ந்தது. அவர் முகத்தை முகர்ந்தது. ஒரு தும்மல் தும்மிவிட்டு வாசற்கதவருகே போய், தெருவைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

சைரன் முனகலைக் கூட்டினார். முப்பத்தொரு வருடப் பயிற்சி பெற்ற குரல். எதிர்வீட்டுப் பல் டாக்டர், நோயாளி ஒருவரின் வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தார். சைரன் வீட்டுச் சமையலறையில் ரோஸ் சட்டைக்காரி தரையில் கிடப்பது தெரிந்தது. தலை தெரியவில்லை. காஸ் கசிவாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து அவசர எண்ணை அழைத்தார்.

ஏழு நிமிடத்தில் சிவப்பு வண்டி தெருவுக்குள் அலறிக்கொண்டு நுழைந்தது. அவர் ஓட்டிய அதே வண்டி. அவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் நான்கு பேர் முகமூடியுடன் சமையலறைக்குள் பாய்ந்தார்கள். சால்வையை விலக்கினார்கள்.

"அண்ணே," என்றார் முன்னால் நின்றவர். முகமூடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"பயிற்சிப்பா," என்றார் சைரன் படுத்தபடியே. "நேரம் பரவாயில்ல. ஆனா கேஸ் லீக்குன்னு வந்துட்டு ஜன்னலைத் திறக்காம உள்ள வந்தீங்க பாருங்க, அது தப்பு."

அவர்கள் வந்த வேகத்தில் வாசற்கதவு திறந்தே கிடந்தது. பஞ்சு போய்விட்டிருந்தது.

சைரன் ரோஸ் சட்டையோடு தெருவில் ஓடினார். முனைக் கடையின் படிக்கட்டில் மனைவி உட்கார்ந்திருந்தாள். நூல்கண்டுகள் தரையில் உருண்டு கிடந்தன. பஞ்சு அவள் கால்கள்மேல் குறுக்கே படுத்திருந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நம்ம வீட்டு முன்னாடி வண்டி நிக்குது," என்றாள். "யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. நான் உன்னை மாதிரி நடிச்சேன். பல் டாக்டர் நம்பிட்டார்."

அவள் அவரையும் அவர் சட்டையையும் பார்த்தாள். சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணீராக வந்தது, அதைப் பஞ்சுவின் காதால் துடைத்துக்கொண்டாள்.

"நீ ஏன் இங்க உட்கார்ந்துட்ட?"

"கால் மரத்துப் போச்சு. முடிவு தெரிஞ்சுடுச்சுல்ல, போதும்."

சைரன் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். தெருவே அவரைப் பார்த்துக்கொண்டு போனது. அவருக்கு எழுந்து போகத் தோன்றவில்லை. அவள் கை சில்லென்று இருந்தது, அதைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, "புதிய குறை: வண்டிச் சத்தம் கேட்டாலும் ஓடுகிறது" என்று எழுதினார்.

தேர்வு நாள் வந்தது.

இறுதித் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. நாயைப் பெறப்போகிறவரும் பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். யாரென்று சொல்லமாட்டார்கள். நாயைப் பார்க்க அவருக்கு அது ஒரு வாய்ப்பு.

"நீ வர வேண்டாம்," என்றார் சைரன் காலையிலேயே. "உன்னைப் பார்த்தா அது ஓடி வந்துடும். ஒருத்தரோட வாழ்க்கை இது."

அவர் வேண்டாம் என்றால் சரி என்று சொல்கிறவள்தான். அன்று மட்டும், "நான் வரணுங்க," என்றாள்.

"ஏன்?"

"நாற்பத்தொண்ணு வர்றாங்கல்ல. அதான்."

அவளுக்கும் அந்த மனிதரைப் பார்க்கும் ஆசை இருக்காதா என்று அவர் விட்டுக்கொடுத்தார். ஆனால் கடைசி வரிசையில், பெரிய தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தார். இருமக்கூடாது என்று சொல்லி வைத்தார்.

மண்டபத்தில் இருபது பேர் இருந்தார்கள். சைரன் கண்ணால் சல்லடை போட்டார். மூன்றாவது வரிசையில் ஒருவர். குட்டை. விறைப்பான மீசை. யாரோடும் பேசாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சைரன் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் ஒரு சல்யூட் வைத்தார். மீசைக்காரர் குழம்பிப்போய்த் திருப்பி வைத்தார்.

பஞ்சு பிரமாதமாகச் செய்தது. கூட்டத்துக்கு நடுவே "பின்னால்" என்றதும் அரண் போல நின்றது. தட்டு விழுந்து உடைந்தபோது காதைக்கூட அசைக்கவில்லை. கடைசிப் பாடம் "போர்வை". சைரன் தரையில் விழுந்து நடுங்கினார். இந்தத் தடவை பாதி நடிப்புதான், மீதி உண்மையான பயம். பஞ்சு ஏறிப் படுத்தது. மேடத்தின் கையில் இருந்த கடிகாரம் ஓடியது. இன்னும் அரை நிமிடம்.

பதிவறைக்காரரின் மேசையில் இருந்த பழைய தொலைபேசி அடித்தது. கணகணவென்ற மணி.

"பஞ்சு, வேண்டாம்டா," என்றார் சைரன் ரகசியமாக. "நாற்பத்தொண்ணு பார்க்கறார்டா."

பஞ்சு அவர் முகத்தைப் பார்த்தது, வழக்கமான அந்த மன்னிப்பு முகத்தோடு. எழுந்தது. நாற்காலிகளுக்கு நடுவே நிதானமாக நடந்தது. மீசைக்காரரைத் தாண்டியது. தூணுக்குப் பின்னால் போய் மறைந்தது.

மண்டபம் முணுமுணுத்தது. மீசைக்காரர் எழுந்து, "மேடம், ஃபேன் சரியாயிடுச்சான்னு பார்க்கலாமா? சுவிட்ச் போடட்டுமா?" என்றார்.

சைரன் தூணை நோக்கிப் போனார். ஒன்றரை வருட உழைப்பு ஒரு பிஸ்கட்டுக்குப் போயிற்று என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. போய்ப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

மனைவி கண்களை இறுக மூடியிருந்தாள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. இது நடிப்பில்லை என்று தெரியாதவரா அவர். பஞ்சு அவள் மடியில் தலையை அழுத்தி வைத்திருந்தது. அவள் உதடுகள் மிக மெதுவாக அசைந்தன. "லைன்ல இருங்க. வெச்சுடாதீங்க. வண்டி வந்துக்கிட்டே இருக்கு. லைன்ல இருங்க."

மணி அடித்து ஓய்ந்தது. பஞ்சு அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது. நாளுக்கு இருபது தடவை என்று சைரன் தனக்குள் சொல்லிக்கொண்டார். அவருக்குத் தன் கைபேசியைத் தூக்கி எங்காவது எறிய வேண்டும் போல் இருந்தது. குனிந்து அவள் தோளில் கையை வைத்தார். அப்படியே மண்டபத்தின் பக்கம் திரும்பினார்.

"மேடம், இது நாயோட தப்பு இல்ல. என் தப்பு. ஃபெயில்னா என் பேர்ல போடுங்க. இவ நடுங்கறதுகூடத் தெரியாம பக்கத்துலயே இருந்திருக்கேன். இதுக்குத் தெரிஞ்சிருக்கு." அவர் குரல் முதல்முறையாக மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்காமல் போனது. "இதை வேற யாருக்கும் அனுப்பாதீங்க. நாற்பத்தொண்ணுகிட்ட நான் நேர்ல மன்னிப்பு கேட்டுக்கறேன். அவருக்கு இன்னொரு குட்டியை நானே வளர்த்துக் குடுக்கறேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி."

மேடம் பேனாவைக் கையில் வைத்தபடி பதிவறைக்காரரைப் பார்த்தார். அவர் நிதானமாகக் கோப்பைத் திறந்து, பசை விரலால் ஒரு பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"ஃபெயில்னு யார் சார் சொன்னது? பஞ்சு இப்ப தலை வெச்சுப் படுத்திருக்கறது நாற்பத்தொண்ணு மடியிலதான்."